ராத்திரி ஓடிய மோட்டார்

போன பங்குனியில் நண்டலாற்றுக்கு வடக்கே ஒரு வரப்பின் மேல் மூன்று பேர் நின்றிருந்தோம். நான், என் வயலுக்குக் கிழக்கே ஆறு மா நிலம் வைத்திருந்த அக்காவின் மகன், அவன் அழைத்து வந்திருந்த தரகர். அக்கா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. மகன் திருப்பூரில் இருக்கிறான். நிலத்தை விற்றுவிடலாம் என்று வந்திருந்தான். தரகர் குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். மேலே சுண்ணாம்பு பூத்த மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. "எப்பலேருந்துங்க இது இப்படி?" என்று கேட்டார்.

"சுனாமிலேருந்துதான்" என்றேன் நான்.

யோசிக்கவே இல்லை. அவர் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அந்தப் பையன் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். நம் மனுஷன் ஒருத்தர் கூட நிற்கிறார் என்ற தைரியம் அவன் முகத்தில் தெரிந்தது. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன், சோறு இறங்கவில்லை. இருபது வருஷமாகச் சொல்லிவந்த பொய் அது. இனி அதைச் சொல்லாமல் இருக்க வேண்டுமானால், உண்மையை முதலில் எழுதிவைக்க வேண்டும்.

என் வீடு வரிச்சிக்குடியில், காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகும் சாலையில். பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் விட்டுப்போன மண். வீடு புதுச்சேரி அரசாங்கத்தில் இருக்கிறது, வயல் ஆற்றைத் தாண்டித் தமிழ்நாட்டில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இப்படிப் பல குடும்பங்கள் உண்டு. ரேஷன் ஒரு சர்க்காரில், பட்டா இன்னொரு சர்க்காரில். என் அப்பா வாங்கிய பன்னிரண்டு மா அப்போது தஞ்சாவூர் மாவட்டம். பிறகு நாகப்பட்டினம் ஆனது. இப்போது மயிலாடுதுறை.

என்னை ஊரில் விவசாயிகள் சங்கத்துக்காரன் என்று சொல்வார்கள். தோளில் பச்சைத் துண்டு. ஒவ்வொரு வருஷமும் ஜூலை 5ஆம் தேதி, உழவர் தினத்தன்று, எங்காவது ஒரு மேடையில் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடுவைப் பற்றி அரைமணி நேரம் பேசுவேன். நன்றாகவே பேசுவேன். கேட்பவர்கள் கண் கலங்கியிருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

நாயுடு எங்கள் பக்கத்து மனிதர் இல்லை. 1925இல் கோயம்புத்தூருக்கு வடக்கே வையம்பாளையத்தில் பிறந்தவர். அது கிணற்றுப் பாசன நாடு. ஆற்றுப் பாசனம் குறைவு, மழையும் குறைவு, கிணறு ஆழம். மோட்டார் ஓடினால்தான் பயிர், மோட்டார் ஓட மின்சாரம் வேண்டும். அதனால் அந்த ஊர் விவசாயிக்குக் கரண்டு பில் என்பது எங்களுக்குக் காவேரி மாதிரி. 1970இல் யூனிட்டுக்கு 8 பைசாவாக இருந்ததை அரசாங்கம் 10 பைசா ஆக்கியது. விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு, மூன்று விவசாயிகள் செத்தார்கள். ஒரு பைசா குறைந்தது. 1972இல் மறுபடி கட்டணத்தை ஏற்றினார்கள். அந்த ஜூனில் ஆயிரக்கணக்கான மாட்டுவண்டிகள் கோவை நகருக்குள் வந்து தெருவை அடைத்து நின்றன. வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டால் போலீஸால் எதைத் தள்ள முடியும்? ஒரு நகரமே நின்றுபோனது. ஜூலை 5 பந்த் அன்று பல ஊர்களில் சுட்டார்கள். 15 பேர் செத்தார்கள். அந்த நாளைத்தான் இன்றும் நாங்கள் கும்பிடுகிறோம்.

எனக்கு அப்போது பதினான்கு வயசு. டீக்கடையில் பேப்பர் வாசித்துக் கேட்டதைப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் நாற்றுக் கட்டை இறக்கிவைத்துவிட்டு, "அது மேட்டுக்காட்டுக்காரன் சண்டைடா. நமக்கு மோட்டாரும் இல்ல, கரண்டும் இல்ல. காவேரி வருது, கும்பிட்டுட்டு நடு" என்றார். அன்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். இங்கே சண்டையின் முகமே வேறு. கூலிக்காரனுக்கும் மிராசுதாருக்கும் நடந்த சண்டை அது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்த நெருப்பின் வாடை போகாத காலம். விவசாயி என்று பொதுவாகச் சொன்னால், எந்த விவசாயி என்று திருப்பிக் கேட்பார்கள். நாயுடுவின் சங்கம் நிலம் உள்ளவனின் சங்கம். அதை இன்றும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நிலம் உள்ளவன் என்றால் பண்ணையார் மட்டும் என்று நினைத்தது எங்கள் தப்பு. இரண்டு ஏக்கரும் ஒரு கிணறும் சொசைட்டிக் கடனும் வைத்திருந்தவன்தான் அங்கே குண்டடி பட்டவன்.

பிறகு நாயுடு சங்கத்தைத் தமிழகம் முழுக்க விரித்தார். கட்சிக்காரனுக்கு மேடையில் இடமில்லை என்பதுதான் அந்தச் சங்கத்தின் பலமாக இருந்தது. ஆட்சி மாறியது, ஆனால் துப்பாக்கி மாறவில்லை. 1980 டிசம்பர் 31 அன்று குறிஞ்சாகுளத்தில் மறுபடி விவசாயிகள் சுடப்பட்டார்கள். 1982இல் அவரே ஒரு கட்சி தொடங்கினார், விவசாயிகளுக்கும் உழைப்பாளிகளுக்கும் என்று. அந்த முடிவைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். வண்டி கட்டிக்கொண்டு வந்த கூட்டம், தேர்தல் அன்று சாதியாகவும் கட்சியாகவும் பிரிந்து போய்விடும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. கேட்டுக் கேட்டு வாங்குவதைவிட உள்ளே போய்ச் சட்டம் போடலாம் என்று நினைத்திருப்பார். 1984 தேர்தலில் ஊர் ஊராகப் போனார். இந்திரா காந்தி சுடப்பட்டு இரண்டு மாதம் ஆகவில்லை. எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த அனுதாப அலையில் நெல் விலையைப் பற்றி யார் காது கொடுப்பார்கள்? அப்போதும் போனார். டிசம்பர் 21 அன்று, வாக்குப்பதிவுக்கு மூன்றே நாள் இருக்கும்போது, பிரசாரத்துக்குப் போன இடத்தில், கோவில்பட்டியில் உயிர் போனது. சட்டசபை வாசலைக்கூட மிதிக்காமல் போய்ச் சேர்ந்தார்.

அவர் கேட்டது அவருக்குப் பிறகு வந்தது. 1989இல் ஆட்சிக்கு வந்த கருணாநிதி எல்லா விவசாயப் பம்புசெட்டுக்கும் மின்சாரம் இலவசம் என்றார். அந்த இலவசத்துக்குப் பின்னால் எத்தனை பிணம் கிடக்கிறது என்று என் பேச்சில் ஒரு இடம் வரும். அந்த இடத்தில்தான் கூட்டம் அமைதியாகும்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

அப்பா கும்பிடச் சொன்ன காவேரி, தொண்ணூறுகளில் எங்களைக் கைவிட ஆரம்பித்தது. ஜூன் 12இல் மேட்டூர் திறக்கும் என்ற நம்பிக்கை போனது. நாங்கள் கடைமடைக்கும் கடைமடை. மேலே திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் நாற்று முற்றிவிடும். காரைக்காலுக்கு 6 டி.எம்.சி. என்று 1991இல் நடுவர் மன்றம் இடைக்காலத் தீர்ப்பில் எழுதியது, பிறகு இறுதித் தீர்ப்பில் 7 ஆக்கியது. காகிதத்தில் உள்ள டி.எம்.சி. வயலுக்கு வராது என்பது கடைமடையில் பிறந்தவனுக்குத் தெரியும். எனவே மேட்டுக்காட்டுக்காரன் செய்ததை நாங்களும் செய்தோம். போர் போட்டோம். நான் விண்ணப்பம் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் நடந்து, 1993இல் இலவச சர்வீஸ் வாங்கினேன். ஐந்து எச்.பி. மோட்டார். முதல் நாள் தண்ணீர் கொட்டியபோது அம்மா அதில் மஞ்சளைக் கரைத்து விட்டாள். கையில் ஏந்திக் குடித்தேன். இளநீர் மாதிரி இருந்தது.

அந்தச் சமயம் கடலோரம் முழுக்க இறால் குட்டை வெட்டினார்கள். கோடையில் உப்பங்கழித் தண்ணீரில் உப்பு ஏறிப்போகும். அதைக் குறைக்க நல்ல தண்ணீர் கலக்க வேண்டும். என் வயலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த குட்டைக்காரர் ஒரு சாயங்காலம் வந்து உட்கார்ந்தார். மணிக்கு நாற்பது ரூபாய் என்றார். குறுவை இல்லை, கையில் காசில்லை. இருந்திருந்தாலும் சம்மதித்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. கரண்டுக்குக் காசு கிடையாது, தண்ணீருக்கும் காசு கிடையாது. நாற்பது ரூபாயும் லாபம். விவசாயத்தில் அப்படி ஒரு வரவை என் பரம்பரையில் யாரும் பார்த்ததில்லை.

பகலில் ஓட்ட முடியாது. விவசாய சர்வீஸில் குட்டைக்குத் தண்ணீர் விடுவது தெரிந்தால் லைனை வெட்டிவிடுவார்கள். ராத்திரி மும்முனை வந்ததும் போய் ஸ்டார்ட்டரை அழுத்துவேன். மோட்டார் கொட்டகையில் எரியும் சின்ன பல்பின் மேல் சாக்கைப் போர்த்துவேன். ஹோஸ் பைப்பை வரப்போரமாக வைக்கோலுக்கு அடியில் ஓட்டியிருந்தேன். தண்ணீர் ஓடும்போது வைக்கோல் மெல்ல அசையும், உள்ளே பாம்பு போகிற மாதிரி. மோட்டார் சத்தம் ஊருக்குக் கேட்காது. ஆனால் அக்காவுக்குக் கேட்டிருக்கும். அவள் காவலுக்கு வயலில்தான் படுப்பாள்.

அவள் நிலத்தில் இருந்தது ஒரு ஃபில்டர் பாயின்ட், அதிக ஆழமில்லாதது. நாற்றங்காலுக்கும் குடிக்கவும் அதுதான். கடலோரத்தில் மண்ணுக்கு அடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் கனம். மேலே ஒரு அடி தண்ணீர் இறங்கினால் கீழே உப்பு நாற்பது அடி ஏறிவரும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் போடும் கணக்கு. இந்தக் கணக்கை நான் பின்னால்தான் கேள்விப்பட்டேன். ஆனால் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது கோடையில் அக்கா என்னைக் கூப்பிட்டாள். நாற்றின் நுனி வெளுத்துச் சுருண்டிருந்தது. வரப்பிலிருந்து ஒரு மண் கட்டியை உடைத்து நாக்கில் வைத்துக்கொண்டாள். இன்னொரு துண்டை என்னிடம் நீட்டினாள். "பாரு தம்பி, உப்புக் கரிக்குதுல்ல?"

நானும் வாயில் வைத்தேன். கரித்தது. "வெயில் ஜாஸ்திக்கா, மழை பேஞ்சா கழுவிட்டுப் போயிடும்" என்றேன். அன்று ராத்திரியும் மோட்டார் போட்டேன்.

நானாக நிறுத்தவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளைப்புள்ளி நோய் வந்து குட்டையில் இறால் மொத்தமாகச் செத்து மிதந்தது. குட்டைக்காரர் போய்விட்டார். அதனால் நின்றது. 1996 டிசம்பரில் சர்வோதய ஜெகந்நாதன் அய்யா தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் உள்ள இறால் பண்ணைகளை எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நிலத்தடி நீர் உப்பாவதைப் பற்றியும் அந்தத் தீர்ப்பில் இருந்தது. அந்த வயசிலும் பட்டினி கிடந்து போராடியவர் அவர். தீர்ப்பைச் சொல்லி நடந்த கூட்டத்தில் நான் முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். எனக்கு இரண்டு வரிசை பின்னால் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

2003இல் தமிழக அரசு இலவச மின்சாரத்தை நிறுத்திக் கட்டணம் போட்டது. அப்போதுதான் பச்சைத் துண்டு போட்டேன். ஊர்வலம் போனேன், கைதானேன், நாயுடுவைப் படித்தேன். உண்மையாகவே படித்தேன், உண்மையாகவே அழுதேன். அதில் நடிப்பு இல்லை. மறு வருஷம் நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி எல்லா இடத்திலும் தோற்றது, மே மாதமே இலவச மின்சாரம் திரும்பி வந்தது. நாங்கள் வெடி போட்டோம். அந்த வெற்றியில் என் பெயரும் கொஞ்சம் வளர்ந்தது.

அந்த டிசம்பரில் சுனாமி. கடல் நண்டலாறு வழியாக ஏறி எங்கள் வயலோரம் வந்து போனது. அக்கா நிலத்தில் ஒரு மூலையில்தான் தண்ணீர் நின்றது. நிவாரணத்துக்கு மனு எழுதித்தரச் சொல்லி ஊரில் பாதிப்பேர் என் திண்ணைக்கு வந்தார்கள். அவளும் வந்தாள். நான் எழுதினேன்: 26.12.2004 வரை மேற்படி நிலம் நன்செய் சாகுபடியில் இருந்தது, கடல்நீர் புகுந்ததால் உவர் நிலமானது. படித்துக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சுனாமிக்கு முன்னாடியே கெட்டுப்போச்சே தம்பி. நீதான் கட்டிய வாயில வச்சுப் பாத்தியே" என்றாள்.

"அப்படி எழுதுனா பணம் வராதுக்கா."

அவள் கையை நீட்டினாள். நான்தான் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி வைத்தேன். நகத்தில் சேறு இருந்தது. இதை எழுதும்போதும் அந்த விரலின் கனம் என் கையில் இருக்கிறது. அவளுக்குப் பணம் வந்தது, ஜிப்சமும் கொடுத்தார்கள். நான் உதவி செய்தவன் ஆனேன். அந்த மனுவில் என் மோட்டார் ஓடிய ராத்திரிகளை எல்லாம் கடல் தலையில் எழுதிவிட்டேன் என்பதை நான் ஒருவன்தான் அறிவேன்.

2006இல் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. 1968க்குப் பிறகு அப்போதுதான், முப்பத்தெட்டு வருஷம் கழித்து. அதன் பிறகு இன்றுவரை நடத்தவில்லை. கோட்டுச்சேரி கொம்யூனில் ஒரு வார்டுக்கு நான் நின்றேன். விவசாயி ஒருவன் உள்ளே போக வேண்டும் என்று நாயுடு நினைத்தாரே, அதைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டேன். மேடையில் என் சாதனையாகச் சொன்னது சுனாமி மனுக்களை. உப்பு ஏறிய நிலத்துக்கு நிவாரணம் வாங்கித் தந்தவன் என்று மைக்கில் சொல்லச் சொல்ல, அது பொய் என்பதே எனக்கு மறந்துபோனது. பொதுவாழ்க்கையில் நான் கற்றுக்கொண்டது இதுதான் என்று வெட்கத்தோடு எழுதுகிறேன். ஒன்றை மனுவில் எழுதினால் பாதி உண்மையாகிறது, மேடையில் சொன்னால் முழுதாகிவிடுகிறது. அக்கா என்னோடு நோட்டீஸ் கொடுக்க வந்தாள். தெருத்தெருவாக வந்து, "நம்ம தம்பிக்குப் போடுங்க" என்றாள். தோற்றேன். தோற்ற அன்று எனக்காக அழுததும் அவள்தான்.

மோட்டார் சத்தம் அவளுக்குக் கேட்டதா இல்லையா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. நிலத்தில் ஏழெட்டுத் தடவை விதை விட்டுப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். கருவை முளைத்தது. நூறு நாள் வேலைக்குப் போனாள். என் போரும் பத்து வருஷத்துக்குள் கரித்துவிட்டது. எனக்கு மேற்கே மேட்டில் கொஞ்சம் நிலம் இருந்ததால் தப்பித்தேன். அவளுக்கு அந்த ஆறு மா மட்டும்தான்.

வையம்பாளையத்து மனிதர் ஒரு பைசாவுக்காக நின்றார். அந்தப் பைசா பயிருக்குப் போக வேண்டிய தண்ணீரின் விலை. அவரோடு நின்றவர்கள் செத்து வாங்கிக்கொடுத்த மின்சாரத்தை வைத்துத்தான் நான் பக்கத்து நிலத்தைக் கொன்றேன். கொன்றுவிட்டு அவர் பெயரைச் சொல்லி மாலை வாங்கிக்கொண்டேன். இந்த வருஷம் ஜூலை 5 கூட்டத்துக்கு அழைத்தார்கள், வரவில்லை என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். முதலில் சொல்ல வேண்டிய இடம் மேடை இல்லை.

குட்டைக்காரரிடம் கணக்குத் தீர்க்க நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். நாற்பது பக்க நோட்டு, அட்டை கிழிந்துவிட்டது. தேதி, மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம். பரணிலிருந்து எடுத்தேன். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கூட்டினேன். பிறகு திருப்பூரில் இருக்கும் அக்கா மகனுக்குப் போன் போட்டேன். அவன் பனியன் கம்பெனியில் ஷிப்டில் இருந்தான், பின்னால் மிஷின் சத்தம். சாயங்காலம் கூப்பிடுகிறேன் மாமா என்றான். இல்லப்பா, இப்பவே கேட்டுக்க என்றேன். மண் கட்டியில் தொடங்கி மனு வரைக்கும் சொன்னேன். எங்கோ நடந்து வெளியே வந்திருப்பான் போல, மிஷின் சத்தம் குறைந்துபோனது. வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

"எத்தனை மணி நேரம் மாமா?" என்று கேட்டான்.

நோட்டைப் பார்த்துச் சொன்னேன். "ஆயிரத்து நூத்தி நாப்பத்தாறு."